1934 செவர்லேயின் துணிக்கூரை ஒழுகுகிறது: பழையதைப் பிரிக்காமல் மேலேயே ரெக்சின் ஒட்டலாமா?

காட்பாடியிலிருந்து வந்திருக்கும் கேள்வியின் சாரம் இது. வீட்டில் 1934ஆம் வருட செவர்லே நான்கு கதவு கார் இருக்கிறது. கூரையின் நடுவில் உள்ள கருப்புத் துணி பாளம் பாளமாக வெடித்துவிட்டது, மழை பெய்தால் முன்சீட்டில் சொட்டுகிறது. சீட் கவர் கடையில், பழைய துணியைப் பிரிக்கவே வேண்டாம், மேலேயே புது ரெக்சினைப் பசை போட்டு ஒட்டிவிடலாம், ஒரே நாள் வேலை என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? ராணிப்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறதே, நல்ல தோலாக வாங்கிப் போட்டால் இன்னும் நன்றாக இருக்காதா?

இரண்டும் வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொண்டால் வேலையை எங்கே தொடங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இந்தக் கார்களில் தண்ணீர் துணியின் நடு வழியாக இறங்குவது அபூர்வம். துணியும் தகரமும் சேருகிற விளிம்பில், அதை மூடும் பட்டைக்கு அடியில், ஆணித் துளைகள் வழியாகத்தான் இறங்கும். அங்கிருந்து மரச்சட்டம் வழியே ஓடி, வேறெங்கோ சொட்டும். முன்சீட்டில் சொட்டுகிறது என்றால் ஓட்டை முன்சீட்டுக்கு நேர்மேலே இருப்பதாக நினைக்காதீர்கள். பழைய துணி மேலேயே ரெக்சினை ஒட்டினால் விளிம்பில் உள்ள கோளாறு அப்படியே இருக்கும். அதோடு உள்ளே ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் பஞ்சுக்கு மேலே மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். ஈரம் வெளியேற வழியில்லாமல் கட்டை உளுத்துப்போகும், தகரத்தின் உள்விளிம்பு துருப்பிடிக்கும். இரண்டு அடுக்குத் துணி பழைய பட்டைக்கு அடியில் நுழையாது என்பதால், பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, ரெக்சினை நேராக பெயின்ட் மேலேயே ஒட்டிவிடுவார்கள். அந்தப் பசை நம் ஊர் அக்னி நட்சத்திரத்தைத் தாங்காது. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், கருப்புக் கூரையின் மேற்பரப்பில் கை வைக்கவே முடியாது. அந்தச் சூட்டில் சாதாரண ரப்பர் பசை இளகி, ஓரம் சுருண்டு எழும்பும்.

முதலில் இந்தக் கார் ஏன் துணிக்கூரையோடு வந்தது என்பது. கூரை முழுவதையும் ஒரே தகடாக அழுத்தி எடுக்கும் அளவுக்குப் பெரிய அச்சும் அகலமான தகடும் அப்போது கார் கம்பெனிகளிடம் இல்லை. அதனால் சுற்றிலும் தகரம், நடுவில் மரச்சட்டத்தின் மேல் துணி என்று கட்டினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில்தான் 'டரட் டாப்' என்ற முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது. அந்த வருடத்திலும் செவர்லேயின் மாஸ்டர் டீலக்ஸுக்கு எஃகுக் கூரை, விலை குறைந்த ஸ்டாண்டர்டுக்குத் துணிதான். ஃபோர்டு 1937 மாடலில் மாறியது. ஆகவே உங்கள் காரில் இருப்பது யாரோ பிற்பாடு செய்த மராமத்து அல்ல, கம்பெனியிலிருந்து வந்த அமைப்புதான். சிலர் ஒழுகல் தொல்லை தீரட்டும் என்று நடுவில் தகடு வைத்து வெல்டிங் அடித்துவிடுகிறார்கள். மரச்சட்டத்தை ஒட்டி வெல்டிங் வைத்தால் கட்டை கருகும். ஓடும்போது மர பாடி அசையும், தகடு அசையாது. சில மாதத்தில் ஓரங்களில் பட்டி வெடித்து அங்கேயும் ஒழுகும். காரின் மதிப்பும் போய்விடும். அந்த யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மேலிருந்து கீழே அடுக்குகள் இப்படி இருக்கும்: கருப்பு மேல்துணி, அதன் கீழ் காடாத்துணி, பஞ்சு, மறுபடி காடாத்துணி அல்லது கோணித்துணி, அதன் கீழ் கோழிக்கூண்டுக்குப் போடுகிற மாதிரியான கம்பி வலை, கடைசியில் மரச்சட்டம். மரச்சட்டத்தில் அகலவாட்டில் வளைந்த குறுக்குக் கட்டைகளும் நீளவாட்டில் ரீப்பர்களும் உண்டு. குறுக்குக் கட்டைகளின் அடியில்தான் உள்கூரைத் துணி தொங்கும். எல்லாக் காரிலும் எல்லா அடுக்கும் இருக்காது. உங்கள் காரில் என்ன இருந்தது என்பதைப் பிரிக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்து, தோல். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நம்மைச் சுற்றித் தோல் ஊர்களாகவே இருப்பதால் இந்த ஆசை வருவது இயல்பு. சீட்டுக்குத் தாராளமாகப் போடலாம். கூரைக்கு ஆகாது. தோல் தண்ணீரை உறிஞ்சும், நனைந்தால் இளகும், வெயிலில் காய்ந்தால் சுருங்கும். சில மழைக்காலத்துக்குள் ஆணியடித்த இடங்களில் கிழிந்துவிடும். அளவும் ஒரு பிரச்சினை. கூரைக்கு ஒரே துண்டாகச் சுமார் 30 சதுர அடி வேண்டும். நம் மாட்டுத்தோலில் கழுத்தும் வயிறும் போக அந்த அளவு நீள்சதுரமாகக் கிடைக்காது, ஒட்டுப் போட்டுத் தைக்க வேண்டிவரும். இந்தக் கூரையில் தையல் என்பதே கூடாது. ஒவ்வொரு ஊசித் துளையும் தண்ணீர் இறங்கும் வழி.

போட வேண்டியது, வெளியில் வெயில் மழை தாங்குவதற்கென்றே செய்த ஹூட் ரெக்சின். நீளவாட்டில் மெல்லிய சுருக்கம் ஓடும் கருப்பு ரகம் அந்தக் காலத் தோற்றத்துக்கு நெருக்கமானது. கடையில் சுருளைப் பிரித்ததும் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைத் திருப்பிப் பாருங்கள். பனியன் துணி மாதிரிப் பின்னிய முதுகு என்றால் அது சீட் ரெக்சின். இழுத்தால் நீளும், நீண்டது திரும்பாது, முதல் கோடையிலேயே கூரை தொங்கும். நெசவுத் துணி முதுகு வேண்டும். நேராக இழுத்தால் அசையக்கூடாது, மூலைவாட்டில் இழுத்தால் மட்டும் கொஞ்சம் இளக வேண்டும். கனம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மூலையை இரண்டாக மடித்துக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு நின்றால் வாங்காதீர்கள். ஜீப்புக்கு ஹூட் தைப்பவர்களிடம் இந்தச் சரக்கு பெரும்பாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் எங்கே கிடைக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வாங்குவதற்கு முன் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ரெக்சின் பொதுவாக 54 அங்குல அகலத்தில் வரும். கூரைத் திறப்பின் அகலம் 46 அங்குலத்துக்குள் இருந்தால் இருபுறமும் பிடித்து இழுக்க 4 அங்குலம் மிஞ்சும். 48 என்றால் 3 அங்குலம்தான் மிஞ்சும், சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் அகலமான சுருளைத் தேடுங்கள், ஒட்டுப் போடாதீர்கள். திறப்பு 46க்கு 66 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் மேல்துணி 2 மீட்டர் போதும், இரண்டரை வாங்குவது நல்லது. சுற்றளவு ஏறக்குறைய 5.7 மீட்டர். 2 சென்டிமீட்டருக்கு ஒரு ஆணி என்றால் மேல்துணிக்கு மட்டும் 285 ஆணி. வளைவது, கழற்றுவது, காடாத்துணிக்கு அடிப்பது எல்லாம் சேர்த்து 600 இருந்தால் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஓட்டையை அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் நாடாவான பூட்டைல் டேப் சுற்றளவுக்கு இரண்டு சுற்று, ஆக 12 மீட்டர். காடாத்துணி இரண்டு அடுக்குக்கு 5 மீட்டர். அகலம் பத்தாவிட்டால் இதில் மட்டும் தையல் போட்டுக்கொள்ளலாம்.

காடாத்துணியை வாங்கியபடியே அடித்துவிடாதீர்கள். கஞ்சியோடு வரும் துணி, முதல் தடவை நனைந்ததும் சுருங்கும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு உபயோகியுங்கள்.

எப்போது செய்வது? நம் மாவட்டத்தில் பிப்ரவரி, மார்ச்தான் இதற்கு ஏற்ற காலம். மழை இருக்காது, வெயில் இருக்கும், ஆனால் கொல்லாது. ரெக்சின் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். டிசம்பர் காலையில் குளிரோடு இருக்கும் துணியை இழுத்து அடித்தால் மே மாதம் தொளதொளவென்று கிடக்கும். மே மாத நடுப்பகலில் கொதிக்கும் துணியை முழுப் பலத்தோடு இழுத்து அடித்தால் மார்கழியில் சுருங்கி ஆணியடித்த துளைகளை நீளவாட்டில் கிழிக்கும். துணியை இளவெயிலில் ஒரு மணி நேரம் விரித்துப் போட்டு, மடிப்பெல்லாம் படிந்தபின் நிழலில் வைத்து அடிக்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் பகல் வெயிலை நம்பிக் கூரையைப் பிரித்துப் போட்டால் சாயங்கால இடிமழை வந்துவிடும்.

இன்னொரு வரிசையும் முக்கியம். காருக்கு பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடியுங்கள், துணி பிறகு. பெயின்ட் நன்றாக இறுக இரண்டு மூன்று வாரம் விடுங்கள். துணி போட்டபின் பெயின்ட் அடித்தால் பட்டைக்கு அடியில் தகரம் மொட்டையாகவே நிற்கும். துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

பிரிப்பதற்கு முன் உள்ளே சீட்டெல்லாம் மூடிவிடுங்கள், மூக்குக்கு நல்ல மாஸ்க் போடுங்கள். 90 வருடப் பஞ்சு, எலிப்புழுக்கை, யாரோ பூசிய தார் எல்லாம் தூளாகக் கொட்டும். முதலில் விளிம்புப் பட்டை. அலுமினியப் பட்டையாக இருந்தால் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து ஒரே இடத்தில் நெம்பாதீர்கள். வளைந்த பட்டை திரும்ப நேராகாது. அகலமான பட்டி தகட்டை அடியில் செருகி, பெயின்டைக் காக்க ஒரு மெல்லிய தகடு வைத்து, ஒவ்வொரு ஆணியாக 2, 3 மில்லிமீட்டர் எழுப்பிக்கொண்டு ஒரு சுற்று வந்து, இரண்டாவது சுற்றில் கழற்றுங்கள். துணிப் பீடிங்காக இருந்தால் அதன் இதழ்களை விரித்தால் ஆணித்தலைகள் தெரியும். அது மறுபடி உபயோகப்படாது, அளவுக்கு மட்டும் எடுத்து வையுங்கள். மேல்துணியை முடிந்தவரை ஒரே துண்டாக எடுங்கள், மூலை வெட்டுக்கு அதுதான் மாதிரி. முன்பக்க நடு, பின்பக்க நடு எது என்று துணியிலும் காரிலும் குறித்துவிடுங்கள்.

ஆணிகளைக் குறடால் பிடுங்கும்போது சில தலை முறிந்து உள்ளேயே நிற்கும். நிற்பதைத் தட்டி உள்ளே இறக்கிவிடலாம் என்று தோன்றும். புது ஆணி அதே இடத்தில் மோதி வளையும், துருவும் கட்டைக்குள் பரவும். சிரமப்பட்டாவது எடுத்துவிடுங்கள்.

இப்போது கட்டை. மொத்த வேலையின் ஆயுளும் இங்கேதான் இருக்கிறது, கடைக்காரர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். செருப்புத் தைக்கும் குத்தூசியை எடுத்து விளிம்புச் சட்டம் முழுக்க ஒரு சாணுக்கு ஒரு இடம் குத்திப் பாருங்கள். நல்ல கட்டையில் ஊசி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது, இழுத்தால் பிடிக்கும். உளுத்த கட்டையில் மெத்தென்று இறங்கும், துளையிலிருந்து பழுப்பு மாவு கொட்டும். கண்ணாடிக்கு மேலே உள்ள முன்சட்டமும் பின்பக்க இரண்டு மூலைகளும்தான் முதலில் போகும். மேலே பெயின்ட் பளபளவென்று இருப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

ஆணி பிடிக்காத சட்டத்தை எபாக்ஸி பட்டி போட்டு நிரப்பாதீர்கள். எபாக்ஸியில் சின்ன ஆணி இறங்காது, இறங்கினால் வெடிக்கும். கெட்ட பகுதியைச் சாய்வாக வெட்டி எடுத்து, அதே சாய்வில் புதுத் துண்டை இணையுங்கள். சாய்வின் நீளம் கட்டையின் கனத்தைப் போல ஆறு மடங்காவது இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆஷ் மரம் போட்டார்கள். நமக்கு நன்கு காய்ந்த பழைய தேக்கு சரியானது. இடித்த வீட்டு நிலைக்கதவு, ஜன்னல் சட்டமெல்லாம் மரக்கடையில் கிடைக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் ஒட்டும் முகத்தை தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, காய்ந்த உடனே பசை போடுங்கள், இல்லாவிட்டால் இணைப்பு விட்டுப்போகும். பிளைவுட்டின் ஓரத்தில் ஆணி நிற்காது, ஆகையால் விளிம்புச் சட்டத்துக்கு பிளைவுட் வேண்டவே வேண்டாம். ஸ்க்ரூ பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ்; ஜிப்சம் போர்டுக்குப் போடும் கருப்பு ஸ்க்ரூ ஈரம் பட்டால் துருப்பிடித்து முறியும்.

குறுக்குக் கட்டைகளின் வளைவைச் சரிபார்ப்பதை மறந்துவிடாதீர்கள். கூரையின் நடு உயர்ந்து இருந்தால்தான் தண்ணீர் வழியும். ஒரு கட்டை தாழ்ந்திருந்தாலும் அங்கே குளம் நிற்கும், அதன் பாரத்திலேயே துணி இன்னும் தொய்யும். நன்றாக வளைந்து கொடுக்கும் 6 அடி மெல்லிய ரீப்பர் ஒன்றை நீளவாட்டில் கட்டைகளின் மேல் படியவைத்துப் பாருங்கள். எங்காவது 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் மெல்லிய மரச்சில்லு ஒட்டி உயர்த்துங்கள். எங்காவது துருத்தினால் இழைத்துவிடுங்கள். பக்கவாட்டில் நான்கைந்து இடத்தில் இதையே செய்யுங்கள். துணி போட்டபின் இந்தக் குறை ஒவ்வொன்றும் வெயிலில் பளிச்சென்று தெரியும்.

கரையான், உளுப்புப் பூச்சி இருந்த காராக இருந்தால் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரை எல்லாக் கட்டைக்கும் தூரிகையால் இரண்டு மூன்று தடவை ஊறப் பூசி, ஒரு வாரம் காயவிட்டு, அதன் மேல் வார்னிஷ் ஒரு கை அடியுங்கள். காய்வதற்கு முன் வார்னிஷ் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்தது போல ஆகும்.

தகர விளிம்பில் துருவைச் சுரண்டுங்கள், ஆனால் உலர் எமரி போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். அந்தக் கால பெயின்டிலும் மூட்டுகளில் நிரப்பிய ஈயத்திலும் விஷம் உண்டு. தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். துரு மாற்றும் திரவம் தடவிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். பட்டை உட்காரும் பள்ளத்தின் உள்பக்கமும் விடாமல் அடிக்க வேண்டும். ஓட்டை விழுந்த இடத்தில் டிங்கர் வெல்டிங் வைத்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்துக் கட்டைக்கு ஈரக் கோணி போர்த்தி, சின்னச் சின்னப் புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள்.

கம்பி வலை துருப்பிடித்திருந்தால் அரை அங்குலக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வலை போடுங்கள். வெட்டிய கம்பி முனைகளைக் கீழ்நோக்கி மடக்கிவிட வேண்டும், மேலே நின்ற ஒரு முனை துணியைக் குத்திவிடும். 30களின் நடுவில் ரேடியோ வைத்த சில கார்களில் இந்த வலையையே ஏரியலாக உபயோகித்தார்கள். வலையிலிருந்து ஒரு ஒயர் கீழே இறங்கினால் அதை வெட்டாதீர்கள். அப்படிப்பட்ட காரில் புது வலையும் பாடித் தகரத்தைத் தொடாமல் நிற்க வேண்டும்.

வலை மேல் முதல் காடாத்துணி, அதன் மேல் மெத்து. அசலில் பருத்திப் பஞ்சு. அசல் அப்படியே வேண்டும் என்பவர்கள் மெத்தைக் கடையில் தகடாகப் பரப்பிய பஞ்சு வாங்கலாம். ஒருமுறை நனைந்தால் பருத்தி வாரக்கணக்கில் காயாது. 10 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் பஞ்சுத் தகடு சீக்கிரம் காயும், வெளியே வித்தியாசம் தெரியாது, அதையே போடுவது நல்லது. சீட்டுக்குப் போடும் மஞ்சள் ஸ்பாஞ்ச் சூட்டில் பொடியாகும், வேண்டாம். மெத்து விளிம்பு வரை போகக்கூடாது, 3 சென்டிமீட்டர் முன்பே நிறுத்தி, கத்தரிக்கோல் போடாமல் கையால் பிய்த்து ஓரத்தை மெலியவிடுங்கள். கத்தரியால் வெட்டிய ஓரம் மேல்துணியில் ஒரு படி மாதிரித் தெரியும். அதன் மேல் இரண்டாவது காடாத்துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து அடியுங்கள். கூரையின் உருவத்தைத் தருவது இந்தத் துணிதான். இது சரியாக உட்கார்ந்துவிட்டால் மேல்துணிக்குப் பெரிய இழுவை தேவைப்படாது.

மேல்துணியை விரிக்குமுன் விளிம்புப் பள்ளம் முழுக்க பூட்டைல் டேப் ஒரு சுற்று. இதற்குச் சாதாரண சிலிக்கான் போடாதீர்கள். புளிச்ச காடி வாசனை வரும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். அது தகரத்தை அரிக்கும். அதன் மேல் பின்னால் பெயின்டும் நிற்காது. பூட்டைல் இறுகிப்போகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும், ஆணி உள்ளே போகும்போது அதைச் சுற்றி அடைத்துக்கொள்ளும், பத்து வருடம் கழித்துப் பிரிக்கவும் முடியும்.

துணியின் நடுக்கோட்டைப் பின்பக்கம் சாக்பீஸால் போட்டு, காரின் குறிகளோடு சேர்த்து விரியுங்கள். முதலில் எல்லா ஆணியும் பாதிதான் அடிக்க வேண்டும், அதுவும் பட்டை மூடும் கோட்டுக்கு வெளியே, பிற்பாடு வெட்டி எறியப் போகும் ஓரத்தில். இதைக் கவனிக்காமல் தற்காலிக ஆணியை உள்ளே தள்ளி அடித்துவிட்டால் ஒவ்வொன்றும் நிரந்தர ஓட்டை. முன்பக்க நடுவில் ஒன்று, பின்பக்க நடுவில் ஒன்று, இடது நடு, வலது நடு. பிறகு ஒவ்வொரு நடுவிலிருந்தும் மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றி, 8 சென்டிமீட்டருக்கு ஒன்று. மூலைகளுக்கு ஒரு சாண் முன்பே நிறுத்திவிடுங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் துணி கோணலாக ஓடும், சுருக்கக் கோடுகள் அலையடிக்கும்; அதைப் பிறகு எப்படி இழுத்தாலும் நேராகாது.

எவ்வளவு இழுப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தவில் தோல் மாதிரி விறைக்க வேண்டியதில்லை. உள்ளங்கையை நடுவில் வைத்துத் தள்ளினால் மெத்து அமுங்கி, கையை எடுத்ததும் துணி எழ வேண்டும், அவ்வளவுதான். ஆணிக்கு ஆணி விறைப்பு கூடக் குறைய இருந்தால் விளிம்பில் பிறைபிறையாகக் குழி விழும். குழி விழுந்த இடத்தின் ஆணியை எடுத்து, கொஞ்சம் விட்டுக்கொடுத்து அடியுங்கள். மூலையில் உபரித் துணியை ஒரே பெரிய மடிப்பாக மடிக்காமல் ஆறேழு சின்ன மடிப்புகளாகப் பிரித்து, ஹீட் கன்னைத் தூரத்தில் வைத்து இதமாகச் சூடு காட்டி, விரலால் அழுத்திப் படியவையுங்கள். 'வி' வெட்டு ஆணிக்கோட்டுக்கு வெளியே மட்டும்.

இப்படியே ஒரு பகல் வெயிலில் விடுங்கள். மறுநாள் காலை தளர்ந்த இடங்களை மீண்டும் இழுத்து, இப்போது பட்டைக்கு அடியில் வரும் கோட்டில் 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நிரந்தர ஆணி. 12 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான ஆணி கட்டையைத் தாண்டி உள்கூரைத் துணியில் எட்டிப் பார்க்கும். ஸ்டேப்லர் கன் உபயோகித்தால் ஸ்டெயின்லெஸ் பின் போடுங்கள், அந்தப் பின் ஆணிக்கோட்டுக்கு இணையாகப் படுக்க வேண்டும். குறுக்காக நின்றால் துணி கிழியும் இடம் அதுதான். ஆணிக்கு வெளியே இருக்கும் ஓரத்தைப் புது பிளேடால் வெட்டுங்கள். பிளேடு தகரத்தில் இழுத்தால் பிரைமர் போய்த் துரு தொடங்கும், அதனால் அடியில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை நகர்த்திக்கொண்டே வெட்டுங்கள்.

பசை எங்கே? நடுப்பகுதியில் எங்குமே வேண்டாம். மெத்தோடு ஒட்டிய ரெக்சின் கொப்புளம் போடும். ஓரத்தில் மட்டும், அதுவும் ஆணிக்குத் துணையாக. ரெக்சினை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் நாளடைவில் சாதாரண ரப்பர் பசைக்குள் இறங்கி அதைக் கூழாக்கிவிடும். ஷூ வேலைக்கு உபயோகிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பசை இதைத் தாங்கும். ஆம்பூரில், ராணிப்பேட்டையில் ஷூ சரக்கு விற்கும் கடைகளில் கேட்டு வாங்கலாம். இந்த ஒரு விஷயத்தில் தோல் ஊர்ப் பக்கம் இருப்பது நமக்கு உண்மையிலேயே சௌகரியம்.

ஆணித்தலைகள் மேல் பூட்டைல் இரண்டாவது சுற்று, அதன் மேல் பட்டை. முன்விளிம்பில் கொஞ்சம் தாராளமாக. 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மழையை அந்த இடுக்குக்குள்தான் தள்ளும். பட்டையின் இணைப்பு பின்பக்க நடுவில் வரட்டும், ஒருபோதும் முன்னால் வேண்டாம். புது அலுமினியப் பட்டை மூலையில் வளைக்கும்போது வெடிக்கிறது என்றால் இளக்கிக்கொள்ள வேண்டும்: வளைக்கும் இடத்தில் துணி சோப்பைக் காயக் காயத் தேயுங்கள், தீச்சுடரை நகர்த்திக்கொண்டே சூடு காட்டுங்கள், சோப்பு பழுப்பாகிக் கருக்கத் தொடங்கியதும் உடனே நிறுத்துங்கள். அலுமினியம் சிவக்காது, நேராக உருகி விழுந்துவிடும். சோப்பின் நிறம்தான் நமக்கு எச்சரிக்கை. ஆறியதும் மரக்கட்டையில் செய்த அச்சில் வைத்துக் கையாலேயே வளைக்கலாம்.

இரண்டு நாள் கழித்து சோதனை. உள்கூரைத் துணியின் ஓரத்தைக் கொஞ்சம் அவிழ்த்து, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஓஸ் பைப்பில் அழுத்தமில்லாமல், பின்பக்கத் தாழ்ந்த விளிம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பக்கமும் ஐந்து நிமிடம் நின்று மேலே வர வேண்டும். எடுத்த எடுப்பில் மேலிருந்து கொட்டினால் எந்த இடத்தில் இறங்கியது என்று தெரியாது. காரை வாட்டர் சர்வீஸுக்கு அனுப்பி பிரஷர் பம்பால் அடிக்கவிடாதீர்கள், இப்போது மட்டுமல்ல, எப்போதுமே.

பராமரிப்பு எளிது. தண்ணீரும் கொஞ்சம் ஷாம்பூவும் போதும். கருப்பு மினுமினுக்க வேண்டும் என்று டீசல், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவினால் ரெக்சின் சீக்கிரம் வெடிக்கும், தூசியும் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், காற்று போகும் பருத்திக் கவர் போடுங்கள். புளியமரத்தடியில் நிறுத்தினால் பொடி இலை பட்டை ஓரத்தில் அடைந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், வாரம் ஒருமுறை தூரிகையால் தட்டிவிடுங்கள்.

வேலையைக் கடையில் கொடுப்பதானால் இரண்டு விஷயத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். பழைய துணி, பஞ்சு எல்லாம் பிரித்தபின் கட்டையை நீங்கள் நேரில் பார்த்த பிறகே அடுத்த வேலை நடக்க வேண்டும். தச்சு வேலைக்குத் தனிக் கூலி என்றாலும் சரி. இரண்டாவது, ஒரே நாளில் முடிக்கக்கூடாது, பாதி ஆணியோடு ஒரு பகல் வெயிலில் நிற்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளும் குஷன்காரர், சீட் மட்டுமே தைத்தவராக இருந்தாலும், இந்த வேலையைச் செய்துவிடுவார். பிறகு வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன் பட்டையைச் சுற்றி விரலால் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். அசையும் ஆணி தென்பட்டால் அதை எடுத்து, துளைக்குள் பூட்டைல் கொஞ்சம் திணித்து, சற்றே தடித்த ஆணியாக அடித்துவிடுங்கள்.